பின்னோக்கி அமர்ந்து பறந்தவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஓமந்தையிலிருந்து வந்த ஒரு கடிதமும் அதனோடு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படமும் இம்முறை இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. கடந்த இதழில் அக்கடிதத்தை மட்டும் வெளியிட்டு, பதிலுக்குச் சிறிது அவகாசம் கேட்டிருந்தேன். அதைப் படித்த வேறு சில வாசகர்களும், இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்களைத் தொட்டே எழுதியிருப்பதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: எங்கள் அப்பப்பா இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வவுனியா விமானத் தளத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். அவருடைய தகர ட்ரங்குப் பெட்டி எல்லா இடப்பெயர்வுகளுக்கும் தப்பி எங்களிடம் இருக்கிறது. அதன் அடியில் விரித்திருந்த பழைய தாளுக்குக் கீழே ஒரு துணிச் சின்னம் கிடந்தது. ஒற்றைச் சிறகும், அதன் அடியில் ஓர் இலை வளையமும், வளையத்துக்குள் 'ஏ', 'ஜி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் உள்ளன. பின்புறத்தில் மையால் எழுதிய இலக்கங்கள் மங்கித் தெரிகின்றன. இது என்ன?
– வாசகர், ஓமந்தை

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது பிரித்தானிய விமானப்படையில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த துப்பாக்கி வீரர்கள் இடது மார்பில் தைத்துக்கொண்ட சின்னம். இரட்டைச் சிறகு விமானியைக் குறிக்கும். ஒற்றைச் சிறகு விமானத்தை ஓட்டாமல் அதில் பணி செய்த மற்றவர்களைக் குறிக்கும். வளையத்துக்குள் இருக்கும் 'ஏ.ஜி.' என்பது 'எயார் கன்னர்' என்பதன் சுருக்கம். 1939 டிசெம்பரில்தான் இச்சின்னம் அறிமுகமானது. அதற்கு முன்னர், தரையில் எந்திரம் திருத்துபவர்களும் வானொலிக் கருவி பார்ப்பவர்களுமே தேவைப்படும்போது துப்பாக்கியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். சிறகு முளைத்த ஒரு சன்னத்தின் வடிவம் மட்டுமே அவர்களின் சட்டைக் கையில் இருந்தது. 1940-இல்தான் வானில் பறக்கும் துப்பாக்கி வீரர் எவரும் குறைந்தது சார்ஜன்ற் தரத்தில் இருக்கவேண்டும் என்ற விதி வந்தது.

வவுனியாவுக்கு இச்சின்னம் வந்த வழியும் விளங்கக்கூடியதே. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபின், இலங்கைத் தீவைக் காப்பதற்காக இங்கே ஓடுபாதைகள் அவசர அவசரமாக விரிவடைந்தன. இன்று விமானப்படைத் தளமாக இருக்கும் வவுனியா ஓடுபாதை அந்தப் போர்க்காலத்தில் உருவானது. 22-ஆம், 217-ஆம் படையணிகளின் பியூஃபோர்ட் விமானங்கள் அங்கே தங்கியிருந்தன. கப்பல்களை நோக்கி, நீருக்குள் பாய்ந்து செல்லும் குண்டை (டோர்ப்பிடோ) வீசுவதற்கென்று வடிவமைத்த இரட்டை எந்திர விமானம் அது. நான்கு பேர் அதில் பறந்தார்கள். முதுகுப் பக்கத்துச் சுழற்கூண்டில் அமர்ந்தவரே துப்பாக்கி வீரர். உங்கள் அப்பப்பாவின் சமையற்கூடத்தில் தட்டேந்தி நின்றவர்களுள் அப்படியானவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

கேள்வி: விமானத்தின் வாலில் இருந்து சுடுபவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவருடைய வேலை என்ன? மற்றவர்களைவிட அவருக்கு ஏன் ஆபத்து அதிகம் என்கிறார்கள்? (நான் வயல் செய்கிறவன். பாடசாலையில் வரலாறு விருப்பமான பாடம்.)
– வாசகர், நெடுங்கேணி

பதில்: தம்பி, நீங்கள் வயல் செய்கிறவர் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. நெல் குடலையாகிக் கதிர் தள்ளும் நாட்களில் பரணில் காவல் கிடக்கிறவர் இரவு முழுவதும் என்ன செய்கிறார்? பார்த்துக்கொண்டிருக்கிறார். பனி தலையில் இறங்க, கண் சொருக, இருட்டுக்குள் இன்னும் கறுப்பாக ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். ரோச் லைற்றைத் தேவையில்லாமல் அடித்தால் தன் கண்ணும் மங்கும், யானைக்கும் தன் இடம் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும், சற்று விலகிப் பார்த்தால்தான் தெரியும் என்பதையும் அவர் அனுபவத்தில் அறிவார். வால் துப்பாக்கி வீரருக்குப் பயிற்சிப் பள்ளியில் கற்பித்ததும் ஏறக்குறைய இதைத்தான். தன்பாட்டில் சுட ஆரம்பித்தால், ஒளிவிட்டுச் செல்லும் சன்னங்களே விமானம் இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் பல இரவுகளில் ஒரு சன்னமும் சுடாமல், எட்டு மணி நேரம் விழித்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவரே தன் வேலையைச் சரியாகச் செய்தவர்.

அக்காலத்துப் பிரித்தானியப் பெரும் குண்டுவீச்சு விமானங்களுள் பெயர்பெற்றது லங்காஸ்டர். 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. ஏறத்தாழ 21 மீற்றர் நீளமான அவ்விமானத்தில் ஏழு பேர் பறந்தார்கள். விமானி, எந்திரப் பொறுப்பாளர், வழிகாட்டி, குண்டு எறிபவர், வானொலி இயக்குபவர் ஆகிய ஐவரும் முன்பகுதியில் ஒருவரை ஒருவர் தொடக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். ஆறாமவர் முதுகுக் கூண்டில் இருந்தார். ஏழாமவரோ எல்லோருக்கும் பின்னால், வாலின் நுனியில், ஒரு மனிதன் குந்தியிருக்க மட்டுமே இடமுள்ள சுழலும் கூண்டில், பின்னோக்கி அமர்ந்து தனியே பறந்தார். மற்றவர்கள் தாங்கள் போகும் இடத்தைப் பார்த்தார்கள். அவர் விட்டு வந்த இடத்தை மட்டுமே பார்த்தார். காதில் மாட்டிய கருவியில் வரும் குரல்களைத் தவிர, தான் தனித்து விடப்படவில்லை என்பதற்கு அவருக்கு வேறு சாட்சி இல்லை.

குளிரைப் பற்றி வன்னியில் இருந்துகொண்டு எழுதுவது கடினம். 20,000 அடி உயரத்தில் குளிர்கால இரவில் கூண்டுக்குள் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. மின்சாரத்தால் சூடாகும் அங்கியை அணிந்திருந்தார்கள். அதன் கம்பி ஓரிடத்தில் அறுந்தால் அந்தக் காலோ கையோ விறைத்துப் போகும். மூச்சின் ஈரம் ஒட்சிசன் முகமூடிக்குள் பனிக்கட்டியாக உறைய, அவ்வப்போது கையால் நசுக்கி உடைத்துவிட வேண்டியிருந்தது. இவ்வளவு குளிருக்குள்ளும் பல வீரர்கள் தங்கள் முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடித் தகட்டை வெட்டி எடுத்துவிடச் சொன்னார்கள். கண்ணாடியில் படியும் ஒரு பொட்டு எண்ணெய், எதிரி விமானம்போலத் தோன்றும். எதிரி விமானம் ஒரு பொட்டு எண்ணெய்போலத் தோன்றும். அந்த ஐயத்தைவிடக் குளிர் மேல் என்று முடிவெடுத்தவர்களின் மனநிலையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

அவர் கையில் நான்கு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,150 சன்னங்களைத் தள்ளும். துப்பாக்கிக்கு 2,500 சன்னங்கள் வீதம், விமானத்தின் உடலோடு ஓடும் தகர வாய்க்கால்கள் வழியே கூண்டுக்கு வந்து சேரும். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். ஆனால் அவை 7.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு சன்னங்கள். ஜேர்மனிய இரவு விமானங்களோ 20 மில்லிமீற்றர் பீரங்கிகளைக் கொண்டிருந்தன. இவர் சுட்டு எட்டாத தூரத்திலிருந்தே அவர்களால் சுட முடிந்தது. ஆகவே அவருடைய உண்மையான ஆயுதம் அவருடைய குரல்தான். பின்னால் நிழலைக் கண்டதும் 'இடப்பக்கம் சுருண்டு இறங்கு' என்று அவர் கத்துவார். ஏன் எதற்கு என்று கேளாமல், அந்தக் கணமே விமானி முப்பது தொன் எடையுள்ள விமானத்தைச் சரித்துக் கீழே குத்தி, மறுபுறம் புரட்டி மேலே ஏற்றுவார். பத்தொன்பது வயதுச் சார்ஜன்ற் ஒருவர் சொல்ல, அவரைவிடத் தரத்தில் உயர்ந்த அதிகாரி ஒருவர் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிந்த இடம் அந்தப் படையில் வேறெங்கும் இருந்திருக்காது.

இனி ஆபத்தைப் பற்றி. இருட்டில் வரும் எதிரி பெரும்பாலும் பின்னாலும் கீழேயும் இருந்தே வருவார். முதலில் ஓய வைக்க வேண்டியது வால் கூண்டையே என்பது அவருக்குத் தெரியும். கூண்டு மிக ஒடுக்கமானது என்பதால் பரசூட்டை அணிந்துகொண்டு உட்கார முடியாது. அது பின்னால், விமானத்தின் உடலுக்குள் ஒரு கொளுவியில் தொங்கும். விமானம் எரியத் தொடங்கினால் கூண்டை நேராக்கி, கதவைத் திறந்து, பின்னால் கைநீட்டிப் பரசூட்டை எடுத்து மார்பில் கொளுவி, பிறகு கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி முதுகுப்புறமாக வெளியே விழவேண்டும். கூண்டைச் சுழற்றும் எண்ணெய்க் குழாய் அறுந்திருந்தால் இவற்றில் ஒன்றும் எளிதில் நடவாது. 1943-இன் நடுப்பகுதிக்குப் பிறகு ஜேர்மனியர் தங்கள் விமானத்தின் முதுகில் மேல்நோக்கிச் சாய்த்துப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். லங்காஸ்டரின் வயிற்றுக்கு நேர் கீழே சத்தமின்றி வந்து, இறக்கையிலுள்ள எரிபொருள் தாங்கியை நோக்கி, ஒளிவிடாத சன்னங்களால் சுட்டார்கள். வாலில் இருந்தவரால் பார்க்க முடியாத இடம் அது. அப்படி விழுந்த விமானங்களில் இருந்த பலருக்குத் தாங்கள் எதனால் விழுகிறோம் என்பதே தெரிந்திருக்காது.

முப்பது பறப்புகளை முடித்தால் ஓய்வு என்பது விதி. 1944 மார்ச் 30-ஆம் திகதி இரவு நியூரம்பேர்க் நகரை நோக்கிப் புறப்பட்ட 795 விமானங்களுள் 95 திரும்பி வரவில்லை. போர் முழுவதிலும் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறத்தாழ 125,000 பேர். அவர்களுள் இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர்.

கேள்வி: ஒரு துப்பாக்கி வீரர் பரசூட் இல்லாமலே குதித்து உயிர் தப்பினார் என்று எங்கள் வகுப்பில் ஆசிரியர் சொன்னார். நம்பலாமா?
– மாணவி, மாங்குளம்

பதில்: நம்பலாம், மகள். நிக்கலஸ் அல்கமேட் என்பது அவர் பெயர். 115-ஆம் படையணியின் வால் துப்பாக்கி வீரர். 1944 மார்ச் 24-ஆம் திகதி இரவு பேர்லினைத் தாக்கித் திரும்பும் வழியில் அவருடைய லங்காஸ்டர் தீப்பற்றியது. கதவைத் திறந்து பரசூட்டுக்குக் கை நீட்டினார், அது எரிந்துகொண்டிருந்தது. எரிந்து சாவதைவிட விழுந்து சாவது மேல் என்று 18,000 அடி உயரத்திலிருந்து குதித்தார். ஊசியிலை மரக் கிளைகளும் அடியில் கிடந்த பனியும் அவரைத் தாங்கிக்கொண்டன. காலில் ஒரு சுளுக்கு. வேறு பெரிய காயம் இல்லை. பிடித்த ஜேர்மனியர் அவரை உளவாளி என்றே முதலில் நினைத்தார்கள். விமானத்தின் சிதைவுக்குள் கருகிக் கிடந்த பரசூட்டின் உலோகப் பகுதிகளைக் கண்ட பின்னரே நம்பி, எழுத்திலும் கொடுத்தார்கள். ஆனால் உங்கள் ஆசிரியர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்: அதே விமானத்தில் விமானி உட்பட நால்வர் இறந்துபோனார்கள்.

அல்கமேட்டின் கதையைவிட எனக்கு மனதில் நிற்பது அன்ட்ரூ மைனார்ஸ்கியின் கதை. போலந்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குக் கனடாவின் வினிப்பெக் நகரில் பிறந்தவர். 1944 ஜூன் 12-ஆம் திகதி இரவு பிரான்சின் கம்பிரேய் நகருக்குப் பறந்த லங்காஸ்டரில் முதுகுக் கூண்டில் இருந்தார். விமானம் தீப்பிடித்தது, குதிக்குமாறு கட்டளை வந்தது. வெளியேறும் வாசலருகே வந்தவர், வால் கூண்டு சிக்கிக்கொண்டு அதற்குள் தன் நண்பர் பட் பிராபி அகப்பட்டிருப்பதைக் கண்டார். நெருப்புக்குள் தவழ்ந்து போய்க் கோடரியால் கொத்தினார். பிறகு வெறும் கையால் பிடுங்கிப் பார்த்தார். அதற்குள் அவருடைய உடையும் பரசூட்டும் எரியத் தொடங்கிவிட்டன. 'போ, போ' என்று உள்ளே இருந்தவர் கை காட்டினார். மைனார்ஸ்கி முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே தவழ்ந்து வாசலுக்கு வந்து, நிமிர்ந்து நின்று நண்பருக்குச் சலூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீக்காயங்களால் இறந்தார். கூண்டுக்குள் அகப்பட்டிருந்த பிராபியோ, விமானம் தரையில் மோதியபோது தூக்கி எறியப்பட்டு உயிர் தப்பினார். அவர் திரும்பி வந்து சொன்னதால்தான் இது உலகுக்குத் தெரிந்தது. 1946-இல் மைனார்ஸ்கிக்கு, பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

கேள்வி: நாங்கள் பங்கருக்குள் குப்புறக் கிடந்து கிபிர் போர் விமானத்தின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். மேலிருந்து குண்டு போட்டவர்களைப் பற்றி நாம் ஏன் இரக்கத்தோடு வாசிக்க வேண்டும்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, கடந்த இதழில் ஓமந்தைக் கடிதத்தை வெளியிட்டபோதே இக்கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன்; வராமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டவன். இன்றும் வானில் இரைச்சல் கேட்டால் என் கை முதலில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலையைத் தேடுகிறது.

கீழே நடந்ததை மறைத்துவிட்டு மேலே இருந்தவர்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. 1943 ஜூலை இறுதியில் ஹம்பேர்க் நகரின்மேல் தொடர்ந்து பல இரவுகள் குண்டு வீசினார்கள். தீயே புயலாக மாறி, நிலவறைகளுக்குள் ஒளிந்திருந்தவர்களின் மூச்சையும் உறிஞ்சியது. இறந்தவர்கள் 30,000 பேருக்கும் மேல். 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் 25,000 பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும். வால் துப்பாக்கி வீரர் குண்டை விடும் விசையைத் தொடவில்லை என்பது உண்மை. ஆயினும் அவர் விழித்திருந்ததால்தான் அந்தக் குண்டுகள் அந்த நகரங்களை அடைந்தன. பின்னோக்கி அமர்ந்திருந்ததால், தாங்கள் கடந்து வந்த நகரம் எரிவதை ஏழு பேரிலும் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவரே. தன் சொந்த ஊரில் ஜேர்மனியக் குண்டுகளால் வீடிழந்தவராகவும் அவர் இருந்திருக்கலாம். இவற்றுள் ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

லண்டன் கிரீன் பார்க்கில் 2012 ஜூன் மாதத்தில் திறந்த குண்டுவீச்சுப் படை நினைவிடத்துக்காக, போர் முடிந்து 67 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்தத் தாமதத்துக்கு நீங்கள் கேட்கும் இதே கேள்வியும் ஒரு காரணம். அங்கே, விமானங்களில் இறந்தவர்களோடு, 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த நினைவிடம் என்னளவில் பாதிதான். உங்களிடம் நான் இரக்கம் கேட்கவில்லை. அவர்களை அறிந்துகொள்ளும்படி மட்டுமே கேட்கிறேன். குண்டு போடுகிறவர் முகமற்றவராக இருக்கும்வரை அனுப்பியவர்களும் முகமற்றவர்களாகவே இருந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் கடலிலும் அப்படியான விமானங்கள் விழுந்தனவா? இலங்கையர் எவராவது அப்படிப் பறந்தார்களா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: விழுந்தன. 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்ட அதே காலையில், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து புறப்பட்ட 11-ஆம் படையணியின் பிளென்ஹைம் விமானங்களுள் ஒன்பது, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கிழக்குக் கடலில் கண்டுபிடித்துக் குண்டு வீசின. ஒன்றும் கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் மூவர், மூன்றாமவர் வானொலியையும் துப்பாக்கியையும் ஒருங்கே கவனித்தவர்.

அதன்பின் அந்தப் பெரிய கப்பற்படை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வவுனியாவின் பியூஃபோர்ட் விமானங்கள் வராத எதிரிக்காகக் காத்திருந்து, கடற்காவலும் பயிற்சியுமாகக் காலம் கழித்தன. அந்தப் பயிற்சிகளிலும் எந்திரக் கோளாறுகளிலும் இளைஞர்கள் செத்தார்கள். எதிரியைக் காணாமலே செத்தவர்களின் இழப்பை எவரும் கதையாகச் சொல்வதில்லை. 1944 ஓகஸ்ட் 10-ஆம் திகதி மாலை திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து அமெரிக்காவின் பி-29 விமானங்கள் 54, சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிப் பறந்தன. ஒன்றைத் தவிர எல்லாம் மீண்டன. அந்த ஒன்று எரிபொருள் தீர்ந்து, தளத்தை அடைய ஏறத்தாழ 90 மைல் இருக்கையில் கடலில் இறங்கியது. தேடிச் சென்றவர்கள் மற்றவர்களை மீட்டார்கள். இறந்த ஒருவர் துப்பாக்கி வீரர்.

இலங்கையருள் பெயர் தெரிந்தவர் ரொஹான் அமரசேகர. அவர் துப்பாக்கி வீரர் அல்லர், வழிகாட்டி. குண்டுவீச்சுப் படையில் பறந்து, சிறப்புப் பறப்புச் சிலுவை விருதை இரு தடவை பெற்றார். 1962-இல் இலங்கை விமானப்படையின் தளபதியானார்.

கேள்வி: என் மகனைத் தேடி 2009-க்குப் பிறகு நான் ஏறாத படி இல்லை. அந்த வெள்ளைக்காரர் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்களா? எவ்வளவு காலம் தேடினார்கள்? உடம்பு கிடைக்காத பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள்?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: அம்மா, மூன்று கேள்விகளுக்கும் சுற்றி வளைக்காமல் விடை சொல்கிறேன்.

தேடினார்கள். விமானம் திரும்பாத காலையில், துவிச்சக்கர வண்டியில் வரும் பையன் ஒருவனிடம் தந்தி வரும். 'காணாமற்போயுள்ளார்' என்று மட்டும் அதில் இருக்கும். அடுத்து படையணித் தலைவரின் கடிதம் வரும். அவருடைய கட்டிலருகே இருந்த பொருட்களை ஒரு குழு எடுத்து, பட்டியலிட்டு, பொதி கட்டும். எதிரி நாட்டில் விழுந்து இறந்தவர்களின் பெயர்களை, ஜேர்மனியர் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக அனுப்பிய பட்டியல்களிலிருந்து அறிந்தார்கள். ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஒரு செய்தியும் வராவிட்டால், இறந்ததாகக் கருதுவதாக அரசு எழுதும். 'கருதுகிறோம்' என்ற அந்தச் சொல்லோடு எத்தனை தாய்மார் உயிர் வாழ்ந்தார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபோது பிரித்தானிய விமானப்படையில் காணாமற்போனவர்களாக இருந்தவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். அவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு தனிப் பணிப்பிரிவை அமைத்தார்கள். அதில் சேர்ந்தவர்களுள் பலர் தாங்களும் பறந்து உயிர் தப்பியவர்கள். பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து, போலந்து என்று ஊர் ஊராகப் போனார்கள்; கிராமத்துக் குருமாரையும் கமக்காரரையும் மயானம் தோண்டியவர்களையும் விசாரித்தார்கள்; பெயர் தெரியாமல் புதைத்த குழிகளைத் திறந்தார்கள். எந்திரத்தின் இலக்கம், துப்பாக்கியின் இலக்கம், மோதிரம், சட்டைக் கழுத்தில் சலவைக்காக எழுதிய குறி, காலுறையில் தைத்த எண் என்று கையில் அகப்பட்ட எதையும் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். ஏழு பேர் எரிந்த இடத்தில் ஆறு பேரை அடையாளம் கண்டு, எஞ்சியவர் வாலில் இருந்தவர் என்று முடிவுக்கு வந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1949 வரை அப்படித் தேடி, ஏறத்தாழ 24,000 பேரின் புதைகுழிகளை உறுதி செய்தார்கள். இன்னும் 9,000-க்கும் மேற்பட்டோர் கடலில் இறந்ததாகப் பதிவு செய்தார்கள். எண்ணிக்கை அதிகம் என்பது தேடாமல் விடுவதற்குரிய காரணமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அழிந்துபோன ஐரோப்பாவில், பாலங்கள்கூட இல்லாத வீதிகளில், இன்றுள்ள மரபணுச் சோதனை எதுவும் இல்லாத காலத்தில் அது நடந்தது.

உடல் கிடைக்காதவர்களுக்குப் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். பிரித்தானியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பறந்து புதைகுழி அறியப்படாத 20,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள், லண்டனுக்கு அருகே ரன்னிமீட் என்ற இடத்தில் 1953-இல் திறந்த நினைவிடத்தில் உள்ளன. நம் பக்கத்துக் கடலில் மறைந்த விமான வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூர்க் கிராஞ்சியில் உள்ளன. தேடலும் 1949-உடன் நின்றுவிடவில்லை. 1943 மார்ச் மாதத்தில் பேர்லினிலிருந்து திரும்பும்போது ஏழு பேரோடு மறைந்த ஒரு ஸ்டேர்லிங் விமானத்தை, நெதர்லாந்து 2020-இல் ஒரு ஏரியின் அடியிலிருந்து வெளியே எடுத்தது. சேற்றைச் சலித்துச் சலித்து அந்த ஏழு பேரின் எச்சங்களைத் தேடினார்கள். எழுபத்தேழு ஆண்டுகள், அம்மா.

நான் திருகோணமலையில் நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்துக்கு ஒரு முறை போனேன். விமானப்படையின் பறவைச் சின்னம் பொறித்த கற்களின் முன்னால் நின்றேன். தரம் எதுவானாலும் ஒரே உயரமான கல். எண், பெயர், பணி, இறந்த நாள், வயது. புல் வெட்டிய ஈர மணம் வந்துகொண்டிருந்தது. இருபது, இருபத்தொன்று என்று வயதுகளை வாசித்துக்கொண்டு போன எனக்கு, ஓரிடத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காக மட்டும் நான் அங்கே அழவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: (ஓமந்தை வாசகர் பிறகு அனுப்பிய செய்தி) அந்தச் சின்னத்தை நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பின்புறத்து இலக்கங்களில் நான்கு மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. கழுவினால் மற்றவையும் தெரியும் என்று மகன் சொல்கிறான்.

பதில்: ஐயா, அது பெரும்பாலும் ஒருவருடைய படைப்பணி இலக்கத்தின் பகுதி. தங்கள் உடுப்புகளில் அவர்கள் அதை எழுதி வைப்பது வழக்கம். சார்ஜன்ற் தரத்தவர்களுக்கு ஆறு அல்லது ஏழு இலக்கங்கள் இருந்தன. முழு எண்ணும் கிடைத்தால், பொதுநலவாயப் போர் மயான ஆணையத்தின் இணையப் பதிவில் அந்த எண்ணைக் கொடுத்துத் தேடலாம். அங்கே பெயர் வந்தால், அவர் எங்கே புதைக்கப்பட்டார் அல்லது எந்தக் கல்லில் அவர் பெயர் இருக்கிறது என்பது தெரியவரும். அங்கே வராவிட்டால், அவர் போருக்குப் பின்னும் வாழ்ந்தவராக இருக்கலாம். ஊருக்குப் புறப்படுகையில் தனக்குச் சோறு போட்டவருக்கு நினைவாக இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் என் மனம் விரும்புகிறது.

உங்கள் அப்பாவின் தமக்கை, தொண்ணூறு வயது கடந்தவர், செட்டிகுளத்தில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த மாமியிடம் போங்கள். சின்னத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் சற்று நேரம் இருங்கள். அவர் பேசத் தொடங்கினால் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இலக்கங்களைப் பார்ப்பதற்கு, காலை வெயில் சாய்வாக விழும் விறாந்தையில் சின்னத்தை வெள்ளைத் துணிமேல் கவிழ்த்து வைத்து, வெளிச்சத்தின் பக்கத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுங்கள். மை மங்கியிருந்தாலும் பேனா அழுத்திய தடம் சில கோணங்களில் தெரியும். பிளாஸ்ரிக் உறைக்குள் போட வேண்டாம். நம் வெக்கையில் பூஞ்சணம் பிடித்துவிடும். பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்றில் சுற்றி, அதே பெட்டியிலேயே வையுங்கள். மகனிடம் சொல்லுங்கள்: தண்ணீர் படக்கூடாது, விரலால் தேய்க்கவும் கூடாது.